மைலோ கரண்டியும் தோட்டா மருந்தும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் காட்டுப்பன்றிக்கும் குரங்குக்கும் பயிரைப் பறிகொடுப்பவர்களில் சிலர் உரிமம் பெற்று ‘செனாப்பாங் பாத்தா’ என்னும் மடக்கித் திறக்கும் வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். அந்தத் துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பதுதான் பல ஆண்டுகளாக என் தொழில். சில மாதங்களுக்கு முன் ஒருவர் கொண்டுவந்த துப்பாக்கியின் குழலில் விரலை ஓட்டினேன். நடுப்பகுதியில் மோதிரம் போட்டதுபோல் ஒரு புடைப்பு தட்டுப்பட்டது. “ஒரு வெடி சத்தமே கம்மியா இருந்துச்சு அண்ணே, உடனே அடுத்ததப் போட்டுச் சுட்டேன்” என்றார். சத்தம் குறைந்த அந்தத் தோட்டா, ஏற்கெனவே சுட்டு வெறுமையான உறையில் அவரே வீட்டில் வெடிமருந்து நிரப்பியது.

நடந்தது இதுதான். மருந்து குறைந்ததால், மருந்துக்கும் ரவைகளுக்கும் நடுவே வைக்கும் அடைப்பு குழலை விட்டு வெளியேறாமல் பாதி வழியிலேயே சிக்கிக்கொண்டது. அடுத்த வெடி அதில் மோதி இரும்பையே புடைக்க வைத்துவிட்டது. மருந்து கூடினால்தான் ஆபத்து, குறைத்துப் போட்டால் பாதுகாப்பு என்று எண்ணுபவர்கள் அந்தக் குழலை ஒருமுறை தடவிப் பார்த்திருக்க வேண்டும்.

எப்படி அளந்தீர்கள் என்று கேட்டேன். பால்மாவுக் கரண்டியில், தலைதட்டி, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அளந்ததாகச் சொன்னார். நான் கடைக்குப் பின்னால் இருந்த மைலோ டின்னை எடுத்து, பக்கத்துப் பொற்கொல்லரின் தராசில் அதே போன்ற கரண்டியால் பத்து முறை அவரையே அளக்கச் சொன்னேன். மெதுவாக அள்ளியபோது ஓர் எடை. டின்னைத் தட்டிவிட்டு அள்ளியபோது தூள் படிந்து இன்னும் கனமான எடை. மழை ஈரத்தில் கட்டிபட்ட பகுதியில் வேறோர் எடை. கரண்டி மாறவில்லை, கைதான் மாறியது. துப்பாக்கி மருந்தும் இப்படித்தான். தகடாக இருப்பது ஒருவிதமாகப் படியும், உருண்டையாக இருப்பது இன்னொருவிதமாக வழியும், குச்சியாக இருப்பது அளவுக் குழாயின் வாயிலேயே குறுக்கே நின்று அடைத்துக்கொள்ளும். ஒன்றுக்கு அளந்த கரண்டி மற்றொன்றுக்கு உதவாது.

சமையலறைத் தராசில் நிறுத்தால் போதாதா என்றும் கேட்டார். தோட்டா மருந்தை நிறுக்கும் அலகு ‘கிரேய்ன்’; 7,000 கிரேய்ன் சேர்ந்தால்தான் ஒரு ராத்தல், ஒரு கிராமில் 15-க்கும் சற்று அதிகமான கிரேய்ன் அடங்கும். வழக்கமான 12-ஆம் எண் தோட்டாவில் உள்ள புகையில்லா மருந்தே ஒன்றேகால் கிராம் அளவுதான் என்னும்போது, ஒரு கிராம் ஒரு கிராமாக மட்டும் எண்ணைக் காட்டும் தராசு எதைச் சொல்லிவிடப் போகிறது? மருந்து நிரப்புவது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட அமெரிக்கா போன்ற நாடுகளில், இதைச் செய்பவர்கள் கிரேய்னில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் தராசை, காற்றாடியை நிறுத்திவிட்டு, எடை தெரிந்த கல்லை வைத்துச் சரிபார்த்த பிறகே தொடுகிறார்கள். உறை, மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு, அடைப்பு, மருந்து ஆகிய நான்கும் அச்சிட்ட அட்டவணையில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஒன்றை மாற்றினாலும் கணக்கு மாறிவிடும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்றால், புகையில்லா மருந்து அழுத்தம் கூடக் கூட வேகமாக எரியும், வேகமாக எரிய எரிய அழுத்தத்தை மேலும் கூட்டும். அரைக் கரண்டி கூடினால் அரைப் பங்குதான் கூடும் என்ற கணக்கு இங்கே செல்லாது. பழைய கரிமருந்து உறையை நிறைத்துவிடும் என்பதால் தவறி இருமுறை போட்டால் கண்ணுக்குத் தெரியும். புகையில்லா மருந்தோ அடியில் கொஞ்சமாகக் கிடக்கும், இருமுறை விழுந்தாலும் உறைக்குள் அடங்கிவிடும்.

தோட்டாப் பெட்டியில் ‘3 டிராம்’ என்று பழைய எடை அலகில் போட்டிருக்கிறதே என்று சிலர் காட்டுவதுண்டு. என்னை அதிகம் அச்சுறுத்துவது இந்தக் கேள்விதான். அது அந்தத் தோட்டாவின் வேகத்துக்கு ஈடான கரிமருந்தின் அளவே தவிர உள்ளே இருக்கும் மருந்தின் எடை அன்று. 3 டிராம் என்பது ஏறக்குறைய 82 கிரேய்ன். உள்ளே இருப்பதோ பெரும்பாலும் அதில் கால் பங்குதான். அட்டையை நம்பி நிறுத்துப் போட்டால் துப்பாக்கியோடு கையும் போய்விடும்.

நம் நாட்டில் அனுமதியின்றித் தோட்டா தயாரிப்பது 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம் என்பதையும் அவரிடம் சொன்னேன். குழலைத் திருத்த முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். மிச்சமிருந்த தோட்டாக்களை வீட்டில் வைத்துப் பிரித்துவிடவா என்றார். வேண்டாம், எதையும் திறக்காமல் முதலில் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள், அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள் என்றேன். மறுநாள் காலை அவர் உரிமப் புத்தகத்தோடு போனபோது நானும் உடன் போனேன்.