இழுத்த நாணைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது

அக்டோபர் மாதம், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம். கிழக்கு இப்போதுதான் வெளுக்கிறது. ஓக் மரம் ஒன்றில் ஐந்து மீட்டர் உயரத்தில் கட்டிய இருக்கையில் ஓர் அப்பாவும் அவருடைய 12 வயது மகளும் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். தவறினால் விழாதபடி இருவருடைய பாதுகாப்புப் பட்டையும் மரத்தோடு பிணைத்திருக்கிறது. வில் மகளின் மடியில். துணைக்கு வரும் பெரியவர் கை எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும் என்பது அங்கே பழகுநர் வேட்டைக்கான சட்டம். (இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அங்கே பருவம், உரிமம், எண்ணிக்கை எல்லாம் வரையறுத்து அனுமதிக்கிறார்கள்.)

அந்த வில்லை முழுதாக இழுக்க 40 பவுண்டு, அதாவது 18 கிலோ விசை வேண்டும். இழுப்பதாவது ஒரு நொடி வேலை. சிக்கல் அதற்கு அப்புறம்தான். மான் பார்த்துக்கொண்டிருக்கும்போது கையை அசைக்க முடியாது. அதன் தலை ஒரு மரத்துக்குப் பின்னால் மறையும் நேரத்தில் நாணை இழுத்துவிட்டு, அது வெளியே வந்து பக்கவாட்டில் நிற்கும்வரை பிடித்திருக்க வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகலாம். 18 கிலோவை ஒரு நிமிடம் ஆடாமல் பிடிக்க ஒரு பள்ளிச் சிறுமியால் எப்படி முடியும்?

வளைத்த மரத்தில் நாண் பூட்டிய பழைய வில் என்றால் முடியாது. அதில் இழுக்க இழுக்கச் சுமை ஏறிக்கொண்டே போகும். குறி பார்க்கும் நேரத்தில்தான் சுமை உச்சத்தில் இருக்கும், கை நடுங்கும். மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் இதை மாற்றினார். வில்லின் இரு முனைகளிலும் சக்கரங்களை மாட்டினார். அச்சுத்துளையைச் சக்கரத்தின் நடுவில் போடாமல் ஓரமாகப் போட்டார். 1966இல் விண்ணப்பித்த அந்த வடிவமைப்புக்கு 1969இல் காப்புரிமை கிடைத்தது. இன்றைய காம்பவுண்ட் வில்லுக்கு மூலம் அதுதான்.

ஓரத்துளை என்ன செய்கிறது? ஒரு கதவைக் கீல் பக்கம் தள்ளிப் பாருங்கள், கை வலிக்கும். கைப்பிடி பக்கம் தள்ளினால் ஒரு விரல் போதும். அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி விசை விழுகிறது என்பதுதான் கணக்கு. வில்லின் சக்கரத்தில் நாண் ஒரு பள்ளத்தில் ஓடுகிறது, வில்லின் கைகளை (மேலும் கீழும் நீண்டு வளையும் பட்டைகளை) வளைக்கும் கேபிள் இன்னொன்றில் ஓடுகிறது. சக்கரம் கோணலாகச் சுழல்வதால் அச்சிலிருந்து இரண்டின் தூரமும் மாறிக்கொண்டே இருக்கும். தொடக்கத்தில் நாண் அச்சுக்கு அருகில் இருக்கிறது, கீல் பக்கம் கதவைத் தள்ளுவதுபோல. அதனால் சுமை சட்டென்று 18 கிலோவுக்கு ஏறிவிடுகிறது. கடைசி சில அங்குலங்களில் நாண் அச்சைவிட்டு வெகுதூரம் வந்துவிடுகிறது, கேபிள் அச்சை நெருங்கிவிடுகிறது. இப்போது சிறுமி கைப்பிடி பக்கம் வந்துவிட்டாள். 80 சதவீதம் தளர்வு தரும் வில்லில் அவள் பிடிக்க வேண்டியது 3.6 கிலோதான்.

வில்லின் கைகள் அப்போதும் முழுதாக வளைந்தே இருக்கின்றன. இழுக்கும்போது போட்ட உழைப்பில் பெரும்பகுதி அவற்றில் சேமிப்பாக இருக்கிறது. நாணை விட்டதும் சக்கரங்கள் திரும்பச் சுழன்று அதை அம்புக்குக் கொடுக்கின்றன. எனக்கு இந்தப் பொறியியலில் மிகவும் பிடித்தது இதுதான்: சக்தியைக் குறைக்காமல் காத்திருப்பை மட்டும் எளிதாக்கிவிட்டது.

சரி, அம்பு போய்ச் சேரும்வரை மான் நிற்குமா? அம்பு ஏறத்தாழ விநாடிக்கு 60 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். 18 மீட்டர் தள்ளி நிற்கும் மானை அம்பு அடைய 0.3 விநாடி ஆகும். நாண் அதிர்ந்த ஓசையோ 0.05 விநாடியிலேயே அதன் காதுக்கு எட்டிவிடும். திடுக்கிட்ட மான் பாய்வதற்காக முதலில் கால்களை மடக்கும். அப்போது உடம்பு கீழே இறங்கும்.

எவ்வளவு வேகமாக இறங்கும்? கால்களால் தரையைத் தள்ளத்தான் முடியும், தரையைப் பிடித்து உடம்பைக் கீழே இழுக்க முடியாது. அதனால் கை நழுவி விழும் கல்லைவிட வேகமாக மான் இறங்க முடியாது. புவியீர்ப்பு 0.1 விநாடியில் 5 செ.மீ. இறக்கும், 0.2 விநாடியில் 20 செ.மீ., 0.3இல் 44. ஓசை கேட்டு உடம்பு அசைய 0.1 விநாடி என்று கொண்டால், 18 மீட்டரில் மானுக்கு மிஞ்சுவது 0.15 விநாடி. அதிகபட்சம் 11 செ.மீ. இறங்கலாம். இதே கணக்கை 27 மீட்டருக்குப் போட்டால் 36 செ.மீ. வருகிறது. அம்பு பட வேண்டிய நுரையீரல் பகுதி ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான். அப்பா 18 மீட்டரில் ஒரு மரத்தை அடையாளம் காட்டி, "அதைத் தாண்டி நின்னா கை வைக்காதே" என்று சொல்லியிருப்பதற்குக் காரணம் இந்தக் கணக்கு. அம்பு வெட்டித்தான் கொல்கிறது. இரண்டு நுரையீரலையும் கடந்தால் மான் மிக விரைவில் விழுந்துவிடும். இடம் தவறினால் நெடுநேரம் துன்பப்படும். அந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

காற்றும் உண்டு. அப்பாவின் கையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பி. அழுத்தினால் மாவுபோல் வெள்ளைத் தூள் வரும். விடியுமுன் அழுத்தியபோது தூள் சரிவில் கீழ்நோக்கி மெதுவாக வழிந்தது. இரவில் குளிர்ந்த காற்று கனமாக இருப்பதால் தண்ணீரைப்போல் பள்ளத்துக்கு ஓடும், மனித வாசனையையும் கூடவே கொண்டுபோகும். அதனால்தான் மான் தடம் மேலே இருக்கும்படி இந்த மரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

ஒரு பெட்டை மான் வருகிறது. தலை மறைந்ததும் மகள் இழுத்துவிட்டாள். வெளியே வந்த மான் நேருக்கு நேர் திரும்பி நின்றது. நெஞ்செலும்பும் தோளும் முன்னால் மறைக்கும் அந்த நிலையில் எய்யக் கூடாது. பத்து, இருபது, ஐம்பது விநாடி. 3.6 கிலோவும் கனக்கத் தொடங்கியது. "இறக்கிடு," என்றார் அப்பா, உதடு மட்டும் அசைய.

இறக்குவதுதான் இந்த வில்லில் கஷ்டம். நாண் சில அங்குலம் முன்னே போனதும் சக்கரம் புரண்டு, 3.6 கிலோ சட்டென்று 18 ஆகித் தோளைப் பிடுங்கும். நாணைப் பிடித்திருந்து, விரலால் அழுத்தியதும் விட்டுவிடும் விசைக் கொக்கியிலிருந்து அவள் விரலை விலக்கினாள், முழங்கையை உடம்போடு ஒட்டினாள். அப்பாவின் உள்ளங்கை அந்த முழங்கைக்குப் பின்னால் வந்து நின்றது. வில் குலுங்கியது. மான் வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு இரண்டே பாய்ச்சலில் மறைந்தது.

அவள் அம்பை அம்பறாத்தூணியில் செருகினாள். சரிவில் வெயில் விழ ஆரம்பித்திருந்தது. அப்பா குப்பியை ஒருமுறை அழுத்தினார். தூள் இப்போது மேலே ஏறியது.