கல்ச்சர் நெகட்டிவ்னா பூஞ்சை இல்லன்னு முடிவு பண்ணாதீங்க

நான் மைக்ரோபயாலஜி லேப்ல இருக்கேன், வார்டுல இருந்து அடிக்கடி வர்ற போன் இதுதான்: "மேடம், பிளட் கல்ச்சர் நெகட்டிவ், அப்ப ஃபங்கஸ் இல்லல்ல?" பிளட் கல்ச்சர்னா ரத்தத்தை பாட்டில்ல விட்டு கிருமி வளருதான்னு பாக்கறது; அதுல வளரலன்னா ஃபங்கஸ், அதாவது பூஞ்சை, இல்லன்னு சொல்லிட முடியாதுங்க. உடம்புக்குள்ள பரவுன கேண்டிடாங்கிற பூஞ்சைத் தொற்றுல கிட்டத்தட்ட பாதி பேருக்குதான் கல்ச்சர்ல வளருது, ஏன்னா ஒரு மில்லி ரத்தத்துல ஒண்ணு ரெண்டு செல்லுகூட இல்லாம இருக்கலாம், இல்ல ரத்தத்தை விட்டுட்டு கல்லீரல், மண்ணீரல்ல போய் உக்காந்திருக்கலாம்.

கீமோ எடுத்து வெள்ளை அணு கொறஞ்சவங்க, உறுப்பு மாத்துனவங்க, ஐசியூல சென்ட்ரல் லைனோட (பெரிய ரத்தக்குழாய்ல போட்ட டியூப்) ரொம்ப நாளா படுத்திருக்கவங்க, இவங்களுக்கு நல்ல ஆன்டிபயாடிக் 4, 5 நாள் போட்டும் காய்ச்சல் விடலன்னா பூஞ்சையை நெனச்சே ஆகணும்.

ஒரு லுகேமியா பேஷண்ட்டுக்கு இப்படித்தான் நெகட்டிவ்னு வந்துச்சு, பாட்டிலை எடுத்துப் பாத்தா 2, 3 மில்லிதான் இருந்துச்சு, பெரியவங்களுக்கு ஒரு பாட்டிலுக்கே 8-10 மில்லி வேணும். திரும்ப ரெண்டு இடத்துல குத்தி மொத்தம் 40 மில்லி எடுக்கச் சொன்னேன், ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம அன்னிக்கு சாயங்காலமே பூஞ்சைக்கான மருந்தும் ஆரம்பிச்சாங்க. ரெண்டாம் நாள் கிராம் ஸ்டெயின்ல (சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்ல பாக்கறது) மொட்டு விட்ட ஈஸ்ட், அதாவது கேண்டிடா மாதிரி பூஞ்சை, தெரிஞ்சுது. நாள் தள்ளத் தள்ள உயிர் பிழைக்கிற வாய்ப்பு கொறையிற நோய் இது.

பூஞ்சையோட செல் சுவர்ல இருக்கற பொருளை ரத்தத்துல தேடுற பீட்டா-டி-குளுக்கான் டெஸ்ட் உதவும்தான், ஆனா ஆல்புமின், இம்யூனோகுளோபுலின் ஏத்தியிருந்தா பொய்யா பாசிட்டிவ் காட்டும், மியூக்கர், கிரிப்டோகாக்கஸ்ங்கிற பூஞ்சைகளை அது கண்டுபிடிக்காது. சளியில கேண்டிடா வந்தா பெரும்பாலும் அங்க சும்மா இருக்கறதுதான், அதுக்கு மருந்து வேண்டாம். ரத்தத்துல ஒரே ஒரு பாட்டில்ல வந்தாலும் கன்டாமினேஷன்னு (வெளியில இருந்து கலந்ததுன்னு) தயவு செஞ்சு ஒதுக்காதீங்க.

எந்த வகைன்னு பாக்கறதும் முக்கியம். 2009ல ஜப்பான்ல ஒருத்தர் காதுல இருந்து எடுத்து முதல்ல விவரிச்ச கேண்டிடா ஆரிஸை பழைய மெஷினுங்க கேண்டிடா ஹெமுலோனிங்கிற வேற வகைன்னு தப்பா சொல்லும், ஆரிஸுக்கு ஃப்ளூகோனசோல்ங்கிற பூஞ்சை மருந்து பெரும்பாலும் கேக்காது, அதனால மால்டி-டாஃப்ல (கிருமியோட புரதத்தை வச்சு வகையைச் சொல்ற மெஷின்) உறுதி பண்ணுங்க, அதுவரைக்கும் காஸ்போஃபங்கின் மாதிரி எக்கினோகேண்டின் வகை பூஞ்சை மருந்து ஓடட்டும்.

பாசிட்டிவ் வந்த பிறகு தினமும் இல்லன்னா ஒருநாள் விட்டு ஒருநாள் கல்ச்சர் அனுப்புங்க, வேற உறுப்புக்குப் பரவலன்னா முதல் நெகட்டிவ் வந்த நாள்ல இருந்துதான் 14 நாள் மருந்துக் கணக்கு. பூஞ்சை கண்ணுக்கும் பரவலாம், அதனால கண் டாக்டர்கிட்டயும் காட்டுங்க, வெள்ளை அணு கொறஞ்சிருக்கப்ப விழித்திரையில ஒண்ணும் தெரியாம போகலாம், அணு ஏறுன பிறகு இன்னொரு தடவை பாத்தே ஆகணும்.