அப்பாவின் பாட்டு பிள்ளைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது?

2017 ஜூலை 1. லண்டன் ஹைட் பார்க்கில் 'கிரீன் டே' என்ற அமெரிக்க ராக் குழுவின் கச்சேரி. அவர்கள் இன்னும் மேடையேறவில்லை. காத்திருக்கும் கூட்டத்துக்காக ஒலிபெருக்கியில் ஒரு பழைய பாட்டைப் போடுகிறார்கள். குவீன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'போஹீமியன் ராப்சடி'. எடுத்த எடுப்பிலேயே கூட்டம் சேர்ந்துகொள்கிறது. கூடியிருந்தவர்கள் சுமார் 65,000 பேர். ஆறு நிமிடத்துக்குச் சற்றே குறைந்த அந்தப் பாட்டை, நடுவில் வரும் ஆப்பரா (மேற்கத்திய இசை நாடகம்) கலாட்டா உட்பட, முழுசாகப் பாடி முடிக்கிறார்கள். கிடார் மட்டும் தனியாக வரும் இடத்தில் பாட வார்த்தை இல்லையே என்று யாரும் சும்மா இருக்கவில்லை. கிடாரையும் வாயாலேயே வாசித்துவிடுகிறார்கள்.

பாட்டு வெளிவந்தது 1975இல். அதை எழுதிப் பாடிய ஃபிரெடி மெர்குரி 1991 நவம்பரிலேயே இறந்துவிட்டார். ஹைட் பார்க்கில் தொண்டை கிழியப் பாடிய இளசுகளில் பலர் அதற்கும் பிறகு பிறந்தவர்கள். அவர்கள் டிக்கெட் வாங்கி வந்ததே வேறொரு குழுவைக் கேட்க.

நல்ல பாட்டு, அதனால் நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி காதுக்குப் பின்னால், மண்டைக்குள் நடக்கிற சங்கதி.

ஐம்பதைத் தாண்டிய ஒருவரிடம் வாழ்க்கையில் நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்லுங்கள். எல்லா வயதுக்கும் சமமாகக் கதை வராது. பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் நடந்தவைதான் வந்து குவியும். எந்த வயதிலிருந்து எத்தனை நினைவு என்று கோடு போட்டுப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு மேடு எழும். நினைவு மேடு என்று வைத்துக்கொள்வோம். பாட்டு விஷயத்தில் அந்த மேட்டின் உச்சி பதின்வயதை ஒட்டியே இருக்கிறது. முதல் காதல், முதல் துரோகம், வீட்டை விட்டுத் தனியாகப் போன முதல் பயணம் எல்லாம் அப்போதுதான். நான் யார் என்று ஒருவர் தனக்குத் தானே முடிவுசெய்துகொள்ளும் காலமும் அதுதான். அப்போது பின்னணியில் எந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததோ, அதுவும் அந்த முடிவோடு சேர்ந்து பதிந்துவிடுகிறது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பெட்ர் ஜனாட்டா என்ற நரம்பியல் ஆய்வாளர் இதை ஸ்கேனருக்குள் பார்த்தார். மாணவர்களைப் படுக்கவைத்து, அவர்கள் 8 வயதிலிருந்து 18 வயதுக்குள் இருந்தபோது பிரபலமாக இருந்த பாட்டுகளின் துண்டுகளை ஒலிக்கவிட்டார். ஒரு துண்டு சொந்த நினைவு எதையாவது கிளறியபோது, நெற்றிக்கு நேர் பின்னால், மூளையின் நடுக்கோட்டை ஒட்டிய பகுதி விழித்துக்கொண்டது. நினைவு எவ்வளவு துல்லியமோ அவ்வளவு பலமாக. மெட்டு ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வதையும் அதே வட்டாரம் பின்தொடர்ந்துகொண்டிருந்தது. 2009இல் வந்த முடிவு இது. மெட்டும் 'நான்' என்ற கதையும் மூளைக்குள் அண்டை வீட்டுக்காரர்கள் என்று சொல்லலாம்.

ஆனால் இதெல்லாம் ஒரே தலைமுறையின் கதை. 1975இல் பதினைந்து வயதாக இருந்தவருக்குக் குவீன் ஏன் உயிர் என்பது இதில் விளங்கிவிடும். அவர் மகளுக்கு?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கரோல் கிரம்ஹான்சல் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றிய ஒருவரும் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த ஆய்வு, ஏனென்றால் எதிர்பார்க்காத ஒன்று அதில் வந்து நின்றது. இருபது வயதையொட்டிய 62 மாணவர்கள். 1955 முதல் 2009 வரை ஒவ்வோர் ஆண்டும் அமெரிக்கத் தரவரிசையின் உச்சியில் இருந்த பாட்டுகளின் துண்டுகளைப் போட்டு, தெரிகிறதா, பிடிக்கிறதா, ஏதாவது ஞாபகம் வருகிறதா, யாரோடு கேட்டாய் என்று விசாரித்தார்கள். தங்கள் சொந்தக் காலத்துப் பாட்டுகள் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தன. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆண்டுகள் பின்னால் போகப் போகக் கோடு கீழே இறங்கிக்கொண்டே போகவேண்டும் அல்லவா? 1980களின் தொடக்கத்தில் அது மறுபடி மேலே ஏறியது. அந்த மாணவர்கள் பிறக்கவே இல்லாத ஆண்டுகள். கணக்குப் பார்த்தால், அப்போது அவர்களுடைய பெற்றோர்களுக்கு இருபதிலிருந்து இருபத்தைந்து வயது.

அப்பா அம்மாவின் நினைவு மேடு பிள்ளைகளின் வரைபடத்தில் நிழலாக விழுந்திருக்கிறது. 1960களில் இன்னொரு சிறிய மேடும் தெரிந்தது. அது தாத்தா பாட்டியின் நிழலாக இருக்கலாம், அல்லது அறுபதுகளின் பாட்டுகளே அவ்வளவு தரமானவையாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் இரண்டு பக்கமும் கதவைத் திறந்து வைத்தார்கள். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருந்தது.

இது எப்படி நடக்கிறது என்பதற்குப் பெரிய ரகசியம் தேவையில்லை. கார் ஓட்டுகிறவர் கையில்தான் ஸ்டீரியோ. பின்சீட்டில் இருக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஓட்டுப்போடும் உரிமை கிடையாது. அப்பா தன் பதினேழாவது வயதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பிள்ளையோ அப்பாவின் பின்னந்தலை ஆடுவதையும், ஸ்டியரிங்கில் விரல் தாளம் போடுவதையும், ஓர் இடத்தில் அவர் குரல் எட்டாமல் உடைவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. பாட்டு ஒன்றுதான், பதிகிற நினைவு வேறு. அந்தப் பிள்ளை வளர்ந்து நாற்பது வயதில் அதே பாட்டைக் கேட்கும்போது 1975 ஞாபகத்துக்கு வராது, அப்பாவின் பின்னந்தலைதான் வரும்.

இது பின்சீட்டுக்கு முன்பே தொடங்கிவிடக்கூடும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் வயிற்றுக்குள் இருந்தபடி திரும்பத் திரும்பக் கேட்ட மெட்டைக் குழந்தைகளின் மூளை நான்கு மாத வயதிலும் அடையாளம் காண்கிறது என்று ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள்.

எல்லாப் பாட்டும் இப்படி இறங்கிவிடுவதில்லை. சில பாட்டுகளின் உடம்பிலேயே அதற்கு வசதி இருக்கிறது. இதற்குக் குவீனின் இன்னொரு பாட்டை எடுத்துக்கொள்வோம். 'வீ வில் ராக் யூ'. தும் தும், டப். குவீன் என்ற பெயரையே கேள்விப்படாதவர்கள் கூட கிரிக்கெட் மைதானத்தில் இதற்குக் கை தட்டியிருப்பார்கள்.

1977 மே மாதம் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட் நகரில் கச்சேரி முடிந்து குழுவினர் உள்ளே போய்விட்டார்கள். கூட்டம் கலையவில்லை. கால்பந்து மைதானங்களில் பாடுகிற பாட்டு ஒன்றை அவர்களைப் பார்த்துப் பாட ஆரம்பித்தது. கிடார் கலைஞர் பிரையன் மே யோசித்தார்: இப்படி நெருக்கியடித்து நிற்கிறவர்களால் என்னதான் செய்யமுடியும்? காலை உதைக்கலாம், கை தட்டலாம், பாடலாம். அவ்வளவுதானே. அதை வைத்தே பாட்டைக் கட்டினார், கிடார் வருவது கடைசியில்தான். பாட்டில் டிரம்ஸும் கிடையாது, பேஸ் கிடாரும் கிடையாது.

ஒலிப்பதிவு செய்தது லண்டனில், ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் இயங்கிய ஸ்டூடியோவில். அங்கே கிடந்த மரப்பலகைகள் மேல் நாலைந்து பேர் ஏறி உதைத்தார்கள். அதைப் பல தடவை பதிவுசெய்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். நாலைந்து பேரை ஆயிரம் பேராக்குவது எப்படி? இங்கேதான் மே படித்த இயற்பியல் கைகொடுத்தது. ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர்தான் போகும். பக்கத்தில் இருப்பவர் தட்டுவது உடனே காதில் விழும். 34 மீட்டர் தள்ளி நிற்பவர் தட்டுவது பத்தில் ஒரு நொடி பிந்தி வரும். பெருங்கூட்டத்தின் நடுவில் நிற்பது என்றால் இப்படி முன்னும் பின்னுமாய் வந்து சேரும் ஆயிரம் தட்டல்களைக் கேட்பது. வெறுமனே எதிரொலியைச் சேர்த்தால் இடைவெளிகள் சமமாக விழும், காது உடனே எதிரொலி என்று கண்டுபிடித்துவிடும். அதனால் தாமதங்களைப் பகா எண்களின் விகிதத்தில் வைத்தார் மே. ஒன்று இன்னொன்றின் மடங்காக வராது, எங்கேயும் ஒழுங்கு தட்டுப்படாது. கேட்கிறவருக்குத் தான் கூட்டத்துக்குள் நிற்பதுபோலவே இருக்கும். (பாட்டுக்காகப் பாதியில் விட்ட வானியற்பியல் முனைவர் பட்டத்தை அவர் 2007இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் முடித்தார். சூரியனைச் சுற்றும் தூசு பற்றிய ஆய்வு.)

அந்தத் தாளத்தில் நான்காவது இடம் காலி. உதை, உதை, தட்டு, பிறகு ஒன்றுமில்லை. அந்த வெறுமைதான் அடுத்த சுற்றுக்கு ஆளை இழுக்கிறது. தாளத்தில் எதிர்பார்த்த அடி விழாவிட்டால் அதைக் கவனிக்கும் திறன் பிறக்கும்போதே நம்மிடம் இருக்கிறது. பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன, தூங்கிக்கொண்டிருக்கும் சிசுக்களுக்கு டிரம்ஸ் தாளம் போட்டு, முக்கியமான அடியை மட்டும் விட்டுப் பார்த்தார்கள் புடாபெஸ்ட் ஆய்வாளர்கள். சிசுக்களின் மூளை அலையில் துள்ளல் தெரிந்தது.

சேர்ந்து ஆடுவதற்கு இன்னொரு விளைவும் உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 14 மாதக் குழந்தைகளை ஒருவர் தூக்கிவைத்துக்கொண்டு இசைக்கேற்பக் குலுக்கினார். எதிரே நின்ற பெண் சில குழந்தைகளோடு ஒரே தாளத்தில் குதித்தார், சில குழந்தைகளோடு தாளம் தப்பிக் குதித்தார். பிறகு அந்தப் பெண் எதையோ 'தவறவிட்டபோது', ஒரே தாளத்தில் ஆடிய குழந்தைகள்தான் அதிகமாக ஓடிப்போய் எடுத்துக்கொடுத்தன. வரவேற்பறையில் பாட்டைப் போட்டு மகளைத் தூக்கிக்கொண்டு ஆடும் அம்மா இந்த ஆய்வைப் படித்திருக்கத் தேவையில்லை.

'போஹீமியன் ராப்சடி' இப்படி ஆடுவதற்குத் தோதான பாட்டே இல்லை. பல்லவி கிடையாது. மெதுவாக ஆரம்பித்து, ஆப்பராவாகி, ராக்காக வெடித்து, மறுபடி அடங்கும். ஆனால் ஒரு தடவை கேட்டவருக்கு அந்த வெடிப்பு வரப்போகிறது என்று தெரியும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2011இல் செய்த ஆய்வு ஒன்றில், தங்களுக்குப் புல்லரிக்கவைக்கும் இசையைக் கேட்டவர்களின் மூளையில் டோபமைன் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புள்ள வேதிப்பொருள் இரண்டு இடங்களில் சுரந்தது. புல்லரிக்கும் அந்தக் கணத்தில் ஓரிடம், அது வரப்போகிறது என்று காத்திருக்கும் நொடிகளில் வேறோர் இடம். தெரிந்த பாட்டு தெரியாத பாட்டைவிட ஏன் அதிகம் இனிக்கிறது என்பதற்கு இதில் ஒரு துப்பு இருக்கிறது. 1992இல் ஹாலிவுட் நகைச்சுவைப் படம் ஒன்றில் காருக்குள் அடைந்து உட்கார்ந்த நண்பர்கள் அந்த வெடிப்புக்காகக் காத்திருந்து தலையை உலுக்குவார்கள். அந்த ஒரு காட்சியால், 1976இல் அமெரிக்காவில் 9ஆம் இடத்தோடு நின்ற பாட்டு 16 ஆண்டு கழித்து 2ஆம் இடத்துக்கு வந்தது. 2018இல் மெர்குரியின் வாழ்க்கைப் படம் வந்ததும் மூன்றாவது முறையாக அதே தரவரிசைக்குள் நுழைந்தது. மூன்று தலைமுறைப் பதின்வயதினருக்கும் அது ஒரு விதத்தில் 'தங்கள் காலத்துப்' பாட்டு.

ஆனால் ஒரு சந்தேகத்தையும் கூடவே வைத்துக்கொள்ளவேண்டும். 1975இல் வந்த குப்பைப் பாட்டுகளை இன்று யாரும் போடுவதில்லை. சலித்து மிஞ்சியவைதான் நம் காதுக்கு வருகின்றன. ஆகவே 'அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா' என்கிற பெருமூச்சுக்கு அறிவியல் ஆதரவு தருவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நினைவு மேடு ஃபிரெடி மெர்குரிக்கும் இருந்திருக்கும். அவருடைய இயற்பெயர் ஃபரோக் புல்சாரா. கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரில் பிறந்த அந்தப் பார்சிப் பையன், மகாராஷ்டிரத்துப் பஞ்ச்கனியின் உறைவிடப் பள்ளியில் நண்பர்களோடு 'ஹெக்டிக்ஸ்' என்று குழு சேர்த்து மேற்கத்திய பாப் பாட்டுகளை வாசித்துக்கொண்டிருந்தான். அவனுடைய நினைவு மேடு அங்கேதான் எழுந்திருக்கும், இங்கிலாந்தில் அல்ல.

எல்லாம் மறந்துபோகிற நோயிலும் பாட்டு கடைசிவரை தாக்குப்பிடிப்பதைப் பலர் வீட்டில் பார்த்திருக்கலாம். ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் 2015இல் இதற்கு உடற்கூற்று விளக்கம் ஒன்றைத் தந்தார்கள். நெடுநாள் பழகிய இசையைக் கேட்கும்போது வேலைசெய்யும் மூளைப் பகுதிகள், அல்சைமர் நோயில் மற்ற இடங்களைவிடக் குறைவாகவே சுருங்குகின்றன.

2024 வரையிலும் குவீன் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. பாடியவர் ஆடம் லாம்பர்ட். மெர்குரி இறந்தபோது இவருக்கு வயது ஒன்பது. கச்சேரியின் நடுவில் ஒருமுறை லாம்பர்ட் ஒதுங்கிக்கொள்ள, வெள்ளைத் தலைமுடியோடு பிரையன் மே தனியாக ஒரு கிடாருடன் வந்து உட்காருவார். 1975இன் மெர்குரி பாட்டு ஒன்றைத் தொடங்குவார். பெரும்பாலும் பாடுவது கூட்டம்தான். முடிகிற இடத்தில் திரையில் மெர்குரி வந்து சேர்ந்துகொள்வார், பழைய கச்சேரிப் படத்திலிருந்து. குவீனோடு அவர் கடைசியாக மேடையேறியது 1986 ஆகஸ்டில். அதனால் திரையில் வருகிறவருக்கு நாற்பது வயது ஆகியிருக்காது. மே எண்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறார்.