மெழுகுவர்த்தி அணைந்த பிறகுதான் தண்ணீர் ஏறுகிறது

தண்டையார்பேட்டையோ வியாசர்பாடியோ, தொடக்கப் பள்ளி அறிவியல் கண்காட்சி என்றால் ஒரு மேசையில் இது கட்டாயம் இருக்கும்: தட்டில் நிறத் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே கவிழ்த்த கண்ணாடி டம்ளர். தீ அணையும், தண்ணீர் ஏறும். பக்கத்தில் நிற்கும் பிள்ளை ஒப்பிக்கும்: "ஆக்சிஜன் எரிந்து தீர்ந்துவிட்டது. அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது. அதனால் காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு."

சொல்லிக்கொடுத்தது ஆசிரியர். ஐந்தில் ஒரு பங்கு என்பது சரி, அதற்குச் சொல்லும் விளக்கம் முழுக்கத் தவறு. "அணைஞ்ச அப்புறம்தானே மிஸ் தண்ணி வேகமா ஏறுது?" என்று கேட்ட ஐந்தாம் வகுப்புச் சிறுமியின் வாயை அடைத்ததையும் பார்த்தாயிற்று. அவள் கவனித்ததுதான் அறிவியல்.

ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே வருவதுதான் காரணமென்றால், தீ எரியும்போதே தண்ணீர் சீராக ஏறியிருக்க வேண்டும். ஏறுவதில்லை. டம்ளரைக் கவிழ்க்கும்போதே உள்ளிருக்கும் காற்று சூடாகி விரிகிறது. கொஞ்சம் வெளியேறியும் விடுகிறது, விளிம்பில் குமிழி வருவது அதனால்தான். தீ அணைந்ததும் மிச்சக் காற்று ஆறிச் சுருங்குகிறது, நீராவியும் கண்ணாடியில் படிந்து தண்ணீராகிறது. வெளிக்காற்று தட்டுத் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் தீர்வதும் இல்லை: காற்றில் 21 விழுக்காடு இருப்பது ஏறத்தாழ 16க்கு இறங்கும்போதே தீ அணைந்துவிடும். எரிந்த ஆக்சிஜனும் மாயமாகப் போகவில்லை, கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் அங்கேயே இருக்கிறது.

நம்பாதவர்கள் அதே டம்ளரில் ஒரு மெழுகுவர்த்தியும், பிறகு மூன்றும் வைத்துப் பாருங்கள். மூன்றில் தண்ணீர் கூடுதலாக ஏறும். டம்ளரில் இருக்கும் ஆக்சிஜன் மூன்று மடங்காகிவிட்டதா என்ன? அதற்கும் மேலான சோதனை, தீயே இல்லாதது. குறுகிய வாய்க் கண்ணாடி பாட்டிலில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, ஒரு நிமிடம் விட்டுக் கொட்டிவிட்டு, உடனே நிறத் தண்ணீரில் கவிழுங்கள். கழுத்தில் தண்ணீர் ஏறும். இங்கே எதுவுமே எரியவில்லை! கொதிநீர் வேண்டாம், பாட்டில் விரிசல் விடும்.

மெழுகுவர்த்தியைத்தான் செய்வேன் என்றால் தட்டில் 2 செ.மீ.க்குக் குறையாமல் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் குறைந்தால் விளிம்பு வழியே காற்று புகுந்துவிடும். டம்ளருக்கு அடியில் இரண்டு நாணயம் வையுங்கள், இல்லாவிட்டால் விளிம்பு தட்டோடு ஒட்டிக்கொள்ளும். பின்னலை முன்னால் போட்ட பிள்ளையைத் தீயருகே விடாதீர்கள்.

ஐந்தில் ஒரு பங்கைக் காட்ட வேறு வழி உண்டு. காசிமேட்டுப் பிள்ளைகளுக்குத் துருவைப் பற்றிப் பாடம் எடுக்கவே வேண்டாம், கடற்காற்றில் கம்பிக் கதவு என்னாகும் என்று அவர்களே சொல்வார்கள். இரும்பு நாரை வினிகரில் சில நிமிடம் ஊறவைத்து, உதறி, 15 செ.மீ. சோதனைக் குழாயின் அடியில் திணித்து, தண்ணீரில் கவிழ்த்து நிறுத்துங்கள். பாத்திரம் தேய்க்கும் பளபள எவர்சில்வர் நார் துருப்பிடிக்காது. அதை வாங்கி ஏமாறாதீர்கள். துரு ஆக்சிஜனைத் திடப்பொருளில் பூட்டிவைப்பதால், இங்கே உண்மையிலேயே இடம் காலியாகிறது.

தொடக்கப் பள்ளி ஆசிரியர் எல்லாப் பாடமும் எடுக்கிறார். பிளஸ் டூவில் வணிகவியல் படித்துவிட்டுப் பட்டயப் பயிற்சிக்கு வந்தவர்களும் பலர். தெரியாதது குற்றமில்லை. கேட்ட பிள்ளையை உட்காரவைப்பதுதான் குற்றம். "எனக்குத் தெரியலம்மா, நாளைக்குச் செஞ்சு பார்ப்போம்" என்று தயவுசெய்து சொல்லிப் பழகுங்கள்.

இரும்பு நாரை வெள்ளிக்கிழமை மதியம் வைத்துவிடுங்கள். குழாயில் தண்ணீர் மட்டத்தைப் பேனாவால் குறிக்கச் சொல்லுங்கள். திங்கட்கிழமை காலை அவர்களே அளப்பார்கள்: ஏறத்தாழ 3 செ.மீ.