பிள்ளையைப் பார்க்க விடவில்லையா? குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போடும் முறை

கணவன் மனைவி பிரிந்ததும், "பிள்ளையைக் காட்ட மாட்டேங்கிறாங்க" என்று நிறையப் பேர் முதலில் போவது மகளிர் காவல் நிலையத்துக்கு. அங்கே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள், எழுதியும் வாங்குவார்கள். ஆனால் பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் போலீசுக்கு இல்லை. அது நீதிமன்றத்தின் வேலை.

விவாகரத்து வழக்குப் போட்டால்தான் பிள்ளையைக் கேட்க முடியும் என்றொரு நினைப்பு இருக்கிறது. அது தவறு. 1890-ஆம் வருடச் சட்டமான காப்பாளர்கள் சட்டத்தின் கீழ் தனியாகவே மனுப் போடலாம். எந்த மதத்தவரும் போடலாம். வக்கீல்கள் இதை ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள். விவாகரத்து வழக்கு ஏற்கெனவே நடந்தால் அதற்குள்ளேயே மனுவாகக் கேட்கலாம்.

எங்கே போடுவது? இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கல்யாணம் நடந்த ஊரோ உங்கள் ஊரோ கணக்கில்லை. பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊர்தான் கணக்கு. நீங்கள் மதுரை செல்லூரில் இருக்கிறீர்கள், பிள்ளை அம்மாவோடு பெரியகுளத்தில் தங்கிப் படிக்கிறது என்றால், தேனி மாவட்டத்தில்தான் மனு. அதற்காக, போன வாரம் தூக்கிக்கொண்டுபோய் வைத்திருக்கும் ஊர் வழக்கமான ஊர் ஆகிவிடாது. எனவே பள்ளியில் படிப்புச் சான்று வாங்கி, பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள்.

இந்துக்களுக்கு 1956-ஆம் வருடச் சட்டம் ஒன்று உண்டு: ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும். 'சாதாரணமாக' என்ற சொல்லைக் கவனியுங்கள், விதிவிலக்குக்கு இடம் உண்டு. யாருக்கு உரிமை என்பதைவிடக் குழந்தையின் நலன்தான் பெரிது என்று அதே சட்டம் சொல்கிறது. ஓரளவு விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்தால் அதன் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம். பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் கூட்டிப்போகாதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

வழக்கு முடியும்வரை வாய்தா வாய்தாவாக இழுக்கும். அதுவரை பிள்ளை முகம் பார்க்காமல் இருக்க முடியுமா? கூடவே ஓர் இடைக்கால மனுவும் போடுங்கள். என் அனுபவத்தில் இந்த மனுதான் உயிர்நாடி. "பார்க்க அனுமதிக்க வேண்டும்" என்று மொட்டையாக எழுதினால் உத்தரவும் மொட்டையாகவே வரும், அப்புறம் ஒவ்வொரு வாரமும் தகராறுதான். "இரண்டாம், நான்காம் சனிக்கிழமை காலை 10 முதல் மாலை 5 வரை, அழைத்துப்போவதும் திரும்ப விடுவதும் இன்ன இடத்தில், முழுப் பரீட்சை லீவில் பத்து நாள், அழகர் ஆற்றில் இறங்கும் நாள் என்னோடு" என்று நாள், மணி, இடம் போட்டுக் கேளுங்கள். வெளியூரில் இருப்பவர் வீடியோ காலும் கேட்கலாம். 2020-ல் உச்ச நீதிமன்றமே அதை வலியுறுத்தியிருக்கிறது.

ஜீவனாம்சம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்டாமல் இருப்பதும், பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் உங்கள் வழக்கைத்தான் கெடுக்கும். இரண்டும் வேறு வேறு. இரண்டுக்கும் தனித்தனி மனு உண்டு.

முதலில் கவுன்சலிங்குக்கு அனுப்புவார்கள். சமரசத்துக்கு முயல வேண்டும் என்பது 1984-ஆம் வருடக் குடும்ப நீதிமன்றச் சட்டத்திலேயே இருக்கிறது. நீங்களே வாதாடலாம். வக்கீல் வைக்க நீதிமன்ற அனுமதி வேண்டும், வழக்கத்தில் அது கிடைத்துவிடும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் போடுங்கள்.

கிடைத்த உத்தரவு கல்வெட்டு இல்லை. நிலைமை மாறினால் மாற்றக் கேட்கலாம். இறுதி உத்தரவு பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. மதுரைக்காரர்களுக்கு அது உயர் நீதிமன்றக் கிளையிலேயே. சென்னைக்குப் பஸ் ஏற வேண்டாம்.