'விதிமுறை' வேறு, 'முறை' வேறு

"ஜனநாயக விதிமுறைகள் அரிக்கப்படுகின்றன." போன வாரம் பாளையங்கோட்டையில் ஒரு கூட்டத்தில் பேச்சாளர் இதை நாலைந்து தடவை சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்த பெரியவர் மெல்ல என்னிடம் கேட்டார்: "தம்பி, விதியை மீறுனா கேஸ் போட வேண்டியதான?" நியாயமான கேள்வி. கேஸ் போட முடியாது என்பதுதான் பேச்சின் சாரமே. 'விதிமுறை' என்ற அந்த ஒரு சொல் அதை மறைத்துவிட்டது. ஆங்கிலத்தில் 'நார்ம்' என்பதைத்தான் இப்படி மொழிபெயர்க்கிறார்கள்.

ஆங்கில 'நார்ம்' லத்தீன் 'நார்மா'விலிருந்து வந்தது. தச்சர் வைத்திருக்கும் மூலைமட்டம் என்று பொருள். பிறகு, எல்லாரும் ஒத்து நடக்கும் அளவு என்று விரிந்தது.

விதி எழுதி வைத்தது. மீறினால் தண்டனை உண்டு. நார்ம் அப்படியல்ல. 1956-ல் அரியலூர் ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டார். விலகச் சொல்லி எந்த விதியும் இல்லை. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி வாஷிங்டன் 1796-ல், இரண்டு தடவை பதவியில் இருந்தது போதும் என்று ஒதுங்கினார். 1940-ல் ரூஸ்வெல்ட் மூன்றாவது தடவை வெல்லும்வரை அதை யாரும் தாண்டவில்லை. அப்புறம் 1951-ல்தான் இரண்டு தடவை என்ற அந்த வரம்பு அரசியல் சட்டத்தில் ஏறியது. இதைத் தமிழில் எழுதும் மொழிபெயர்ப்பாளர், 'விதிமுறை விதியானது' என்றா எழுதுவார்?

சரி, 'நார்மு'க்கு வேறு என்ன சொல்வது? 'நெறிமுறை' தனிமனித ஒழுக்கத்தின் பக்கம் இழுக்கிறது. 'மரபு' பரவாயில்லை, ஆனால் பழமை வாடை அடிக்கிறது. நம்மிடம் 'முறை' இருக்கிறதே! எங்கள் பக்கம் குளத்துத் தண்ணீரை முறை வைத்துத்தான் பாய்ச்சுவார்கள். தன் முறை முடிந்தும் மேல்மடைக்காரர் தன் வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்மடையை அடைக்காவிட்டால், கடைமடைக்காரர் சட்டம் பேசமாட்டார். "இது முறையில்லல்லா அண்ணாச்சி" என்பார். மேல்மடைக்காரரும் மண்வெட்டியோடு வந்து ரெண்டு வெட்டு மண் அள்ளிப் போட்டு அடைத்துவிடுவார். அந்தப் பேச்சுக்கு மதிப்பு இல்லாமல் போகிற வருஷத்தில்தான் அடிதடி, போலீஸ் எல்லாம். ஜனநாயகத்துக்கு நேர்வதும் இதுவேதான். இதைச் சொல்ல வயக்காட்டில் சொல் இருக்கும்போது, மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிறார்கள்.

'அரிப்பு'ம் வேண்டாம். கரையை ஆறு அரிக்கும். அது வெளியிலிருந்து வருவது. முறையோ அதைக் காக்க வேண்டியவர்கள் கையிலேயே தேய்கிறது. 'முறைகள் தேய்கின்றன' என்றாலே போதும்.

'முறை' என்றால் 'தடவை' என்றும் பொருள் வருமே, குழம்பாதா என்கிறார்கள். 'மூன்றாம் முறை நிற்பது முறையல்ல' என்று எழுதிப் பாருங்கள். அந்தப் பெரியவருக்குக்கூட விளக்கம் தேவைப்படாது.