செபிக்க முடியாமல் போகும்போது: தேவ ஏக்கமா, மனச்சோர்வா?

உளவளத்துணைக்கு வருகிறவர்கள் முதல் நாளிலேயே உள்ளதைச் சொல்லிவிடுவதில்லை. நித்திரை இல்லை, தலையிடி, மகளின் படிப்பு, வெளிநாட்டில் இருக்கும் கணவர் என்று ஏதாவதொன்றில்தான் பேச்சுத் தொடங்கும். திருகோணமலையில் நான் சந்திக்கும் கிறிஸ்தவர்களில் பலர், இரண்டாவது மூன்றாவது சந்திப்பில் குரலைத் தாழ்த்தி இன்னொன்றைச் சொல்வார்கள். "மிஸ், என்னால செபிக்க ஏலாமக் கிடக்கு. ஆண்டவர் எங்கயோ தூரப் போயிட்ட மாதிரி." கத்தோலிக்கர், மெதடிஸ்தர், பெந்தெகொஸ்தே சபையார் என்று யாராக இருந்தாலும் ஏறக்குறைய இதே சொற்கள்தான். கடன்பட்டதைக்கூட வெட்கப்படாமல் சொல்கிறவர்கள் இதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள்.

இந்தப் பேச்சுக்குப் பின்னால் முற்றிலும் வேறான இரண்டு நிலைகள் இருக்கலாம். ஆண்டவர்மீது வைத்த அன்பு முதிரும்போது வருகிற ஏக்கமும் வறட்சியும் ஒன்று. மனச்சோர்வு என்னும் நோய் மற்றது. முன்னதை நோயென்று நினைத்து மருந்து தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். பின்னதை விசுவாசக் குறைவு என்று சொல்லிச் செபக்கூட்டத்தோடு விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டாவது தவறால் உயிரே போகலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றி இருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒருவர் ஐம்பதைத் தாண்டிய அம்மா. நீண்டகாலம் மறைக்கல்வி படிப்பித்தவர். விடியப்புறம் எழும்பி, சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி, தாயார் விட்டுப்போன செபமாலையைக் கையில் எடுப்பார். மூன்றாம் பத்துக்கு வரும்போது எந்த மணியில் நிற்கிறார் என்பதே மறந்துபோகும். திரும்ப முதலிலிருந்து தொடங்குவார். "வாய் சொல்லுது மிஸ், உள்ளுக்க ஒண்டுமில்லை. முந்தி நன்மை (நற்கருணை) எடுத்தா நாள் முழுக்க ஒரு இனிப்பு இருக்கும்." நான் வேறு விடயங்களைக் கேட்டேன். சாப்பாடு இறங்குகிறது, நித்திரை வருகிறது. பேரனின் குழப்படியைச் சொல்லும்போது முகம் மலர்ந்து சிரிக்கிறார். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருக்கும் பெண்ணுக்கு நாள்தோறும் சரக்குக் கறி காய்ச்சிக் கொடுக்கிறார். ஆண்டவரைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் கண் கலங்குகிறது.

மற்றவர் சபையில் கிற்றார் வாசிக்கும் இளைஞர். இடுப்புப் பட்டியில் ஆணியால் குத்திய புதிய துளைகள் இரண்டு இருந்தன. அந்த அளவுக்கு மெலிந்திருந்தார். விடிய மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு நித்திரை இல்லை. கிற்றார் மூலையில் கிடக்கிறது. பின்னேரம் கடற்கரையில் பந்தடிக்கப் போவதும் நின்றுவிட்டது. சொன்னால்தான் குளிப்பார். "ஆவியானவர் என்னை விட்டுப் போயிட்டார் மிஸ். மன்னிப்பே இல்லாத பாவம் செய்திட்டன்." என்ன பாவம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. என்னிடம் வருவதற்கு முன்பே அவரை உபவாச ஜெபத்தில் இருத்தியிருந்தார்கள். ஏற்கெனவே சாப்பிடாதிருந்த பிள்ளையை.

அம்மாவுக்குத் தேவைப்பட்டது நிதானமாகக் கேட்கக்கூடிய ஓர் ஆன்ம குரு. இளைஞருக்குத் தேவைப்பட்டது வைத்தியர், அதுவும் தாமதமில்லாமல்.

இந்த வித்தியாசத்தை எங்கள் துறை புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த கார்மேல் துறவி புனித சிலுவை அருளப்பர் இதைத் தெளிவாக எழுதிவைத்திருக்கிறார். தம் சபையைச் சேர்ந்தவர்களாலேயே 1577 டிசம்பரில் பிடிக்கப்பட்டு, தொலேதோ நகரில் ஓர் இடுக்கறையில் அடைக்கப்பட்டு, 1578 ஓகஸ்டில் தப்பியவர் அவர். ஆன்மாவின் இருண்ட இரவைப் பற்றி எழுதும்போது, இந்த வறட்சி ஆண்டவரிடமிருந்து வருகிறதா, அல்லது அக்காலத்தில் 'மெலங்கோலியா' என்று அழைத்த சோர்வு நோயா என்று பார்க்க மூன்று அடையாளங்களைச் சொல்கிறார். தேவ காரியங்களில் சுவை இல்லை, உலக காரியங்களிலும் சுவை கிடைப்பதில்லை. ஆண்டவருக்கு ஊழியம் செய்யாமல் பின்வாங்கிப் போகிறோமோ என்ற கவலை ஓயாமல் அரிக்கிறது. முன்புபோல மனக்கண்ணில் கொண்டுவந்து தியானிக்க முடியவில்லை. இவற்றில் நான் அதிகம் கவனிப்பது இரண்டாவதை. வெறும் நோய்ச் சோர்வில் அந்த அக்கறை இருக்காது என்கிறார் அவர். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருக்கலாம் என்பதையும் ஒத்துக்கொள்கிறார். நோய் இருப்பதால் ஒருவருடைய தேவ ஏக்கம் பொய்யாகிவிடாது, ஏக்கம் உண்மையானது என்பதால் நோய்க்கு மருந்து வேண்டாமென்றும் ஆகிவிடாது.

1997 இல் காலமான அன்னை தெரேசாவின் தனிப்பட்ட கடிதங்கள் 2007 இல் வெளியானபோது, ஏறக்குறைய 50 ஆண்டுகள் அவர் ஆண்டவரின் பிரசன்னத்தை உணராமலே சேவை செய்தார் என்பது உலகத்துக்குத் தெரியவந்தது. அதை அறிந்தும் திருச்சபை 2016 இல் அவரைப் புனிதராக உயர்த்தியது. இதைச் சொன்னபோது அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "அவவுக்குமா மிஸ்?" என்றார். பல மாதங்களாகத் தன்னைத் தானே குற்றஞ்சாட்டிக்கொண்டிருந்தவருக்கு அது ஒரு மருந்துபோல வேலை செய்தது.

ஆகவே, செபிக்க முடியவில்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால், செபத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, முன்பு விரும்பிச் செய்தவற்றில் இப்போது மனம் போகிறதா, உடம்பைத் தூக்கிக்கொண்டு எழும்புவதே பாரமாக இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு வாரங்களாக, பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி இப்படியே இருந்தால் வைத்தியரிடம் போகவேண்டிய நேரம் வந்துவிட்டது. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்பதையும் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணத்தை நாம் ஊட்டிவிடுவதில்லை. கேட்க ஒருவர் வந்தாரே என்று அழுதவர்களைத்தான் நான் கண்டிருக்கிறேன்.

வேதத்தில் எலியா தீர்க்கதரிசியின் கதையை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். இராஜாக்கள் முதலாம் புத்தகம் 19ஆம் அதிகாரம். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி கண்டவர், வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தூதன் வந்து பிரசங்கம் வைக்கவில்லை, விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவுமில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறார். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். ஓரேப் மலையிலே ஆண்டவரின் அந்த மெல்லிய சத்தத்தைக் கேட்பது அதற்குப் பிறகுதான். எங்கள் போதகர்களும் குருக்களும் இந்த ஒழுங்கைக் கவனிக்க வேண்டுமென்று கெஞ்சிக் கேட்கிறேன்.

உபவாசத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நீரிழிவுக்கு இன்சுலின் ஏற்றுகிறவர்களும் குளிசை எடுக்கிறவர்களும் வைத்தியரிடம் கேட்காமல் நாள் முழுக்கப் பட்டினி இருந்தால் சீனி திடீரென இறங்கி மயங்கி விழலாம். கத்தோலிக்கச் சட்டமே ஒருசந்தி என்னும் உபவாசத்தை 18 முதல் 59 வயது வரையுள்ளவர்களுக்குத்தான் கடமையாக்குகிறது, நோயாளிகளுக்கு விலக்கும் உண்டு. மனச்சோர்வுக்கான குளிசைகளை "விசுவாசத்தோடு" ஒரே நாளில் நிறுத்துவது இன்னும் மோசம். அவை வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் எடுக்கும். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்று, பதற்றம், நித்திரைக் குழப்பம் வரலாம், நோயும் திரும்பலாம். குறைப்பதோ நிறுத்துவதோ மருந்து தந்த வைத்தியரோடு பேசித்தான்.

எங்கள் ஊருக்கே உரிய ஒன்றும் இருக்கிறது. நத்தாருக்கு மறுநாள் சுனாமி நினைவுநாள். பாலன் குடில் கட்டி, பலகாரம் சுட்டு, நள்ளிரவுப் பூசைக்குப் போய்வந்த கையோடு, 2004 இல் கடல் கொண்டுபோனவர்களுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறார்கள். சிலருக்கு உடலும் கிடைக்கவில்லை. போரில் காணாமல் போனவர்களைத் தேடும் குடும்பங்களும் இதே தெருக்களில்தான் இருக்கின்றன. இவர்களில் பலருக்கு ஆண்டவர்மீதுள்ள ஏக்கமும் பிள்ளைமீதுள்ள ஏக்கமும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கும். "ஏன் ஆண்டவரே" என்று கோபத்தோடு கேட்பதும் அவர்களுடைய செபம்தான். அதைப் பாவமென்று சொல்லி வாயை அடைக்கவேண்டாம். சங்கீதம் 88 ஒரு நம்பிக்கை வரிகூட இல்லாமலே முடிகிறது, இருந்தும் அது வேதத்துக்குள்தான் இருக்கிறது.

நோய் இல்லை, ஏக்கம்தான் என்று தெரிந்த பிறகு என்ன செய்வது? 1893 இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவான பின் இங்கே வந்து நெடுங்காலம் உழைத்த இயேசு சபைக் குருக்களின் சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் ஒரு விதி தந்திருக்கிறார்: வறட்சிக் காலத்தில் முன்பு எடுத்த தீர்மானங்களை மாற்றாதே. மறைக்கல்வியை விட்டுவிடவா என்று அந்த அம்மா கேட்டபோது இதைத்தான் சொன்னேன். இஞ்ஞாசியாரும் 1522 அளவில் ஸ்பெயினின் மன்ரேசா நகரில், ஏற்கெனவே பாவசங்கீர்த்தனம் செய்த பாவங்களையே திரும்பத் திரும்ப நினைத்து, உயிரை மாய்க்கும் எண்ணம் வரை போனவர். கோவில் வாசலைத் தாண்டுமுன் மறுபடி பாவசங்கீர்த்தனத்துக்கு ஓடவேண்டும் போலிருக்கிறவர்கள் இதை அறிந்துகொள்ளட்டும். அதற்கும் இன்று சிகிச்சை உண்டு.

நீண்ட செபம் வராவிட்டால் குறுகியது போதும். சங்கீதம் 42 ஐ மெதுவாக வாசியுங்கள். நீரோடையைத் தேடும் மானைப்போல என் ஆத்துமா உம்மை வாஞ்சிக்கிறது என்று பாடியவருக்கு அப்போது தண்ணீர் கிடைத்திருக்கவில்லை. காணாத தேவனிடத்தில் வைக்கும் அன்பைக் கண்ட சகோதரனிடத்தில் வைக்கும் அன்பால் அளக்கச் சொல்கிறது யோவானின் முதல் நிருபம். அந்த அளவுகோலால் பார்த்தால், சரக்குக் கறி காய்ச்சிக்கொண்டிருந்த அம்மாவின் அன்பில் ஒரு குறையும் இல்லை. அவருக்கு வற்றிப்போனது உணர்ச்சி மட்டுமே.

எங்கள் துறையினருக்கும் ஒரு வார்த்தை. வருகிறவர் ஆண்டவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சைத் திருப்பவேண்டாம். அவர் உயிரை இதுவரை பிடித்துவைத்திருப்பதே அந்த உறவாக இருக்கலாம்.

அரச வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளில் சிகிச்சை இலவசம். தேசிய உளநல உதவி இலக்கம் 1926, 24 மணி நேரமும் இயங்குகிறது. உயிரை மாய்க்கும் எண்ணம் உள்ளவரைத் தனியே விடாமல் கூட்டிக்கொண்டு போங்கள். குருவானவரோ போதகரோ கூட வந்தால் இன்னும் நல்லது. நான் சொன்ன இளைஞரோடு வைத்தியசாலைக்கு வந்து வரிசையில் நின்றவர் அவருடைய சபைப் போதகர்தான்.